பதினோராம் வார்டு மெம்பர்

அத்தியாயம் 17

மௌரீன் குளித்துவிட்டு வந்தபோது ரெமிஜியஸ் அவளுடைய நீலப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லாததால் பெட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் துணியை நீவி நீவி விட்டார். முந்தானையில் ஒரு சுருக்கம் போக மறுத்தது. தண்ணீர் தெளித்து மறுபடியும் தேய்த்தார்.

"குடுங்க, நான் போட்டுக்கறேன்" என்றாள்.

"இன்னிக்கு நீ ஒரு வேலையும் செய்யக்கூடாது. மத்தியானத்துக்கு மேல நீ வைஸ் பிரசிடென்ட்."

அவர் அதைச் சொன்னபோது முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மௌரீன் அறைக்குள் போனாள். மூன்று நாளாகச் சொல்ல நினைப்பதை இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

மூன்று வாரத்துக்கு முன்பு வரை சிக்ககெரேயில் மௌரீனை எல்லாருக்கும் பிளவுஸ் தைக்கிற அக்கா என்றுதான் தெரியும். ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவைத் தாண்டி, அத்திபெலே வருவதற்கு முன் உள்ளே பிரிகிற பாதையில் மூன்று கிலோமீட்டர் போனால் சிக்ககெரே. பெங்களூர் ஊதிப் பெருத்துப் பக்கத்தில் வந்து நின்றாலும் தனியாக ஒரு முனிசிபாலிட்டி வைத்துக்கொண்டிருக்கிற சின்ன ஊர். இருபத்து மூன்று வார்டு. பதினோராம் வார்டில் நிற்கவேண்டும் என்பது ரெமிஜியஸின் பல வருடக் கனவு. இந்த முறை அந்த வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கீடு ஆனது. அவர் ஒரு நாள் முழுக்கச் சோர்ந்து கிடந்தார். மறுநாள் மனு வாங்கி வந்து தன் பெயர் எழுதவேண்டிய இடத்தில் மனைவியின் பெயரை எழுதினார்.

கட்சி இல்லை, தையல் மிஷின் சின்னம். ஒன்பது ஓட்டில் ஜெயித்தாள். சந்தையில் கடை போடுகிற பெண்கள் அத்தனை பேரும் அவளுக்குப் போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சந்தைக்குப் பின்னால் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டவைப்பேன் என்று ஓட்டுக் கேட்கும்போது அவள் சொல்லியிருந்தாள். வேறெதுவும் சொல்லவில்லை.

ஜெயித்த பிறகு வந்தது வினை. இரண்டு கட்சிக்கும் ஆளுக்குப் பதினொன்று. எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் இந்தச் சபையில் ஓட்டு உண்டு, அவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. நடுவில் மௌரீன். பிரசிடென்ட் பதவி இந்தத் தடவை பெண்ணுக்கு. யார் அந்த நாற்காலியில் உட்காருவது என்பதை அவளுடைய ஒரு ஓட்டுதான் முடிவு செய்யவேண்டும்.

ரெமிஜியஸ் முடிவு செய்துவிட்டார். ஒரு கட்சியை இங்கே நடத்துகிற, கல்யாண மண்டபம் வைத்திருக்கிற அருண்குமாரிடம் வார்த்தை கொடுத்துவிட்டு வந்தார். அருண்குமாரின் தம்பி மனைவி வைஷ்ணவி பிரசிடென்ட், மௌரீன் வைஸ் பிரசிடென்ட். கணவரைக் குறை சொல்லவும் முடியாது. நான்கு வருடத்துக்கு முன்பு பாக்டரியில் பிரஸ் மிஷின் ரெமிஜியஸின் கையைக் கடித்தபோது, ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் தன் புதுக் காரில், சீட்டெல்லாம் ரத்தமாக, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அருண்குமார். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் மணிக்கட்டு வரை எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னார்.

ஆனால் மூன்று நாளைக்கு முன்பு மௌரீன் முனிசிபாலிட்டி ஆபீஸுக்குப் போய், மெம்பர் என்ற முறையில் சந்தைக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். சந்தைக்குப் பின்னால் இருக்கிற நிலம் வரைபடத்தில் பெண்கள் கழிப்பறை என்று பத்து வருடத்துக்கு முன்பே குறிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் வேறு மையில், வணிகக் கடைகள். கோப்பில் அடுத்த தாள் அந்த மாற்றத்தைக் கேட்டு எழுதிய கடிதம். கீழே அருண்குமாரின் கையெழுத்து.

அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னாள். முதலில் வைஸ் பிரசிடென்ட் ஆகிவிடு, அப்புறம் அருணண்ணனிடம் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். அடுத்த நாள் மறுபடி ஆரம்பித்தாள். வார்த்தை கொடுத்தாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

புடவைக்கு சேஃப்டி பின் குத்திவிட வந்த சோஃபியா கதவைச் சாத்தினாள். பி.காம் கடைசி வருடம் படிக்கிற மகள். அம்மாவின் தோளில் மடிப்பைப் பிடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"மம்மி, டாடிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்ப அவர் சொல்றபடி கை தூக்கப்போறியா?"

"அதுவும் இல்ல."

சோஃபியா பின்னை வாயிலிருந்து எடுத்துக் குத்தினாள். டாடி இந்த மூன்று வாரமாகத்தான் காலையில் தானாக எழுந்து ஷேவ் பண்ணிக்கொள்கிறார் என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவேண்டியதில்லை. விபத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்தவர் அவர். இப்போது தெருவில் நடந்தால் மெம்பர் சார் என்று கூப்பிடுகிறார்கள். ஜெயித்தது மௌரீன் என்றாலும் மெம்பர் அவர்தான். டீக்கடையில் நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். மனு கொண்டுவந்து அவர் கையில் கொடுக்கிறார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. முதுகு நிமிர்ந்து நடக்கிற புருஷனைப் பார்த்து எத்தனை நாளாயிற்று?

அதைத்தான் இன்று அவள் கையாலேயே பிடுங்கவேண்டியிருக்கிறது.

ஒன்பதரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். அவர் ஓட்ட, அவள் பின்னால். சந்தை வழியாகத்தான் போகவேண்டும். மீன் கடையில் குளோரியா வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். விடியற்காலை நான்கு மணிக்கு வந்தால் மத்தியானம் இரண்டுக்குத்தான் வீட்டுக்குப் போவாள். அதுவரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக இடம் இல்லை. போன வெயில் காலத்தில் சிறுநீர்ப் பாதையில் புண்ணாகிப் பத்து நாள் படுத்துக் கிடந்தாள். ஸ்கூட்டரைப் பார்த்ததும் மீன் அறுத்த கையை உயரத் தூக்கி ஆட்டினாள். எதுவும் கேட்கவில்லை. மௌரீனும் கை ஆட்டினாள். கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

முனிசிபாலிட்டி வராந்தா கல்யாண வீடு போல இருந்தது. இருபத்து மூன்று மெம்பரில் பன்னிரண்டு பேர் பெண்கள். பன்னிரண்டு பேருக்கும் புருஷனோ மாமனாரோ அண்ணனோ கூட வந்திருந்தார்கள். எல்லாரும் வெள்ளைச் சட்டை. தேர்தல் நடத்த வந்திருந்த தாசில்தார் வாசலில் நின்று, மெம்பர்கள் மட்டும் உள்ளே, மற்றவர்கள் எல்லாம் வெளியே என்று கன்னடத்தில் இரண்டு தடவை சொன்னார். வெள்ளைச் சட்டைகள் வராந்தாவோடு நின்றன. போலீஸ்காரர் கதவுக்குக் குறுக்கே பெஞ்சை இழுத்துப் போட்டார்.

மனு கொடுக்கப் பதினோரு மணி வரை நேரம். ஓட்டெடுப்பு ஒரு மணிக்கு.

ரெமிஜியஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வைஸ் பிரசிடென்ட் பதவிக்கான மனு. இடது கையால் எழுதிப் பழகிய கோணல் எழுத்தில் மௌரீனின் பெயர், தகப்பன் பெயர், வார்டு எண் எல்லாம் நிரப்பியிருந்தார். ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து எழுதியிருக்கவேண்டும். ஒரு அடித்தல் இல்லை.

"இந்த எடத்துல ஒரு கையெழுத்து. அருணண்ணன் ஆளு முன்மொழிவாரு" என்று பேனாவை நீட்டினார்.

மௌரீன் பேனாவை வாங்கவில்லை. சுற்றிலும் பார்த்தாள். வராந்தாவில் எல்லாக் கண்ணும் இவர்கள் மேல்தான்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க" என்று அவருடைய முழங்கையைப் பிடித்து, ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் இருந்த புங்க மரத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

மணி பத்து நாற்பது.

"ஏங்க, நான் அவங்களுக்குக் கை தூக்கமாட்டேன். இந்த மனுவுலயும் கையெழுத்துப் போடமாட்டேன். கௌரம்மாவுக்குத் தூக்கப்போறேன்."

கௌரம்மா எதிர்க் கட்சியின் பிரசிடென்ட் வேட்பாளர். அங்கன்வாடியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முந்தாநாள் வீட்டுக்கு வந்து, சந்தைக் கோப்பைப் பற்றி மௌரீன் கேட்டபோது, வாக்குறுதி எல்லாம் கொடுக்கமாட்டேன், நான் பதினொரு பேரில் ஒருத்தி, ஆனால் அந்தக் கோப்பை மூடி வைக்கமாட்டேன், சபையில் வைப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர்.

ரெமிஜியஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் பேனா திறந்தபடி இருந்தது.

"இத வீட்ல சொல்லக்கூடாதா? இங்க வந்து, இத்தன பேரு பாக்கறப்ப..."

"மூணு நாளா வாயத் தெறக்கறேன். நீங்க எந்திரிச்சுப் போறீங்க. இன்னிக்குக் காலைல சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தீங்க. முடியல." அவள் வராந்தாப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "சொல்லாமயே உள்ள போயி கைய தூக்கியிருக்கலாம். அப்ப யாராவது வெளிய வந்து உங்ககிட்ட சொல்லுவான். அது மட்டும் கூடாதுன்னு நெனச்சேன். நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்."

"அவர் இல்லன்னா இந்தக் கை மணிக்கட்டோட போயிருக்கும் மௌரீன்."

"தெரியும். அவர் பேரச் சொல்லி நான் ஜெபம் பண்ணாத நாளு கெடையாது. இனிமேலயும் பண்ணுவேன். ஆனா குளோரியா காலைலருந்து தண்ணி குடிக்காம உக்காந்திருக்கா. அவகிட்ட போயி என்னன்னு சொல்றது? எங்க வீட்டுக்காரர் கைய காப்பாத்தினவரு, அதனால நீ இன்னும் அஞ்சு வருஷம் அடக்கிக்கன்னா?"

ரெமிஜியஸ் பேனா மூடியைத் தேடி, மூன்று விரலால் தடவித் தடவிப் போட்டார். மரத்தடியில் யாரோ நிறுத்தியிருந்த பைக்கின் சீட்டில் மெல்ல உட்கார்ந்தார். வராந்தாவில் யாரோ பத்து ஐம்பது என்று கூவினார்கள்.

"ஆஸ்பத்திரில கெடந்தப்ப..." என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கட்டு போட்ட கையோட. நர்ஸ கூப்புட்டு பெட்பேன் கேக்கறதுக்குக் கூச்சமா இருக்கும். சின்னப் பொண்ணுங்க, நம்ம சோஃபியா வயசு. அதனால நாள் பூரா தண்ணி குடிக்காம கெடப்பேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"உதடு வெடிச்சிருந்துச்சு" என்றாள் மௌரீன்.

"நீதான் கண்டுபுடிச்ச. அன்னியிலருந்து ராத்திரியும் பகலும் நீயே இருந்த." அவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "எனக்கு நாப்பது நாளு. அதுக்கே செத்துடலாம்னு இருந்துச்சு."

அவர் எழுந்து அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். பிறகு வராந்தாவை நோக்கி நடந்தார். மௌரீன் பயந்துபோய்ப் பின்னாலேயே போனாள். ஏதாவது சண்டையாகிவிடுமோ என்று நினைத்தாள்.

அருண்குமார் தூணருகில் நின்றிருந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, எப்போதும் போலச் சாந்தமான முகம். மனு எங்கே என்று கையை நீட்டினார்.

"அண்ணா, மௌரீன் வைஸ் பிரசிடென்டுக்கு நிக்கல. அவ ஓட்டும் உங்களுக்கு இல்ல" என்றார் ரெமிஜியஸ். மெதுவாகச் சொல்ல நினைத்திருக்கவேண்டும். ஆனால் வராந்தா அந்த நேரம் பார்த்து அடங்கியிருந்தது. எல்லார் காதிலும் விழுந்தது.

அருண்குமாரின் முகம் மாறவில்லை. கொஞ்ச நேரம் மௌரீனைப் பார்த்தார். பிறகு ரெமிஜியஸைப் பார்த்தார்.

"நீ வார்த்த குடுத்தே ரெமி."

"குடுத்தேன். என்னுது இல்லாதத எடுத்துக் குடுத்துட்டேன். அது என் தப்பு, மன்னிச்சுக்குங்க."

"அன்னிக்கு உன்ன வண்டில போட்டுக்கிட்டுப் போனேனே, அத நான் ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கேனா?"

"இல்லண்ணா."

"இப்ப சொல்லவேண்டியதா ஆயிடுச்சு."

ரெமிஜியஸ் தன் வலது கையைப் பார்த்தார். அதைப் பின்னால் மறைத்துக்கொள்வது அவருடைய வழக்கம். இன்று மறைக்கவில்லை. "இந்தக் கை நீங்க காப்பாத்தினது. சாவுற வரைக்கும் மறக்கமாட்டேன், நீங்க எப்பக் கூப்பிட்டாலும் வந்து நிப்பேன். ஆனா ஓட்டு என்னுது இல்ல. அவளுது."

அருண்குமார் திரும்பிக்கொண்டார். ஜெயித்து ஒரு மாதம் ஆகவில்லை, ஒன்பது ஓட்டு ஒரு ஓட்டா, இவள் ஜெயித்ததை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது என்று அவர் பக்கத்தில் இருந்த ஒருவன் சத்தமாகச் சொன்னான். அருண்குமார் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் அடங்கினான். ஆனால் சொல்லாதே என்று அவர் சொல்லவும் இல்லை.

"நீ உள்ள போ" என்றார் ரெமிஜியஸ். "நான் இங்கதான் இருப்பேன்."

சபை ஹாலில் மேசைகள் அரைவட்டமாகப் போடப்பட்டிருந்தன. மௌரீனுக்குப் பக்கத்து நாற்காலி வைஷ்ணவிக்கு. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். கைக்குழந்தைக்காரி. ஜன்னலுக்கு வெளியே அவளுடைய கணவன் குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். குழந்தை சிணுங்கும்போதெல்லாம் இவள் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது. வராந்தாவில் நடந்தது அவளுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் மௌரீன் உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மௌரீனுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இவள் என்ன பாவம் செய்தாள்?

பதினோரு மணிக்குத் தாசில்தார் மனுக்களை எடுத்துப் பார்த்தார். பிரசிடென்டுக்கு இரண்டு மனு. வைஸ் பிரசிடென்டுக்கு அருண்குமார் பக்கம் கடைசி நிமிடத்தில் வேறொருவரைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். மனுவைத் திரும்பப் பெற நேரம் கொடுத்தார்கள். யாரும் பெறவில்லை. நடுவில் காபி வந்தது. எம்.எல்.ஏ. வந்தார், எம்.பி. வந்தார், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் மௌரீனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு மணிக்கு ஓட்டெடுப்பு. ரகசிய ஓட்டு கிடையாது, எல்லார் முன்னிலையிலும் கை தூக்கவேண்டும், பிறகு புத்தகத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று தாசில்தார் விளக்கினார். முதலில் வைஷ்ணவியின் பெயரை வாசித்தார். பன்னிரண்டு கைகள் எழுந்தன. தாசில்தார் எண்ணினார். நிமிர்ந்து மௌரீனைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். அவர் மறுபடி ஒரு தடவை எண்ணிவிட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு கௌரம்மாவின் பெயர்.

ஒரு கையை உயர்த்துவது இவ்வளவு பாரமான வேலை என்று மௌரீனுக்கு இதுவரை தெரியாது. தையல் மிஷினில் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் வலிக்காத தோள், ஏதோ அரிசி மூட்டையைத் தூக்குவது போலக் கனத்தது. ஆனாலும் தூக்கினாள். நேராகத் தூக்கினாள். வராந்தாப் பக்கத்து ஜன்னலில் வெள்ளைச் சட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தன. அவற்றில் ரெமிஜியஸ் இல்லை.

பதின்மூன்று. கௌரம்மா பிரசிடென்ட்.

அந்தப் பக்கத்தில் கைதட்டல், மாலை, போட்டோ. கௌரம்மா மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மௌரீனிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வைஸ் பிரசிடென்ட் பதவியும் அதே பதின்மூன்று ஓட்டில் அந்தப் பக்கத்துக்கே போனது.

புத்தகத்தில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றபோது வைஷ்ணவி பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டாள். மௌரீன் திரும்பி, மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் குனிந்து காதோரம் சொன்னாள்.

"ஆன்ட்டி, நிக்கிறியான்னு என்கிட்ட யாருமே கேக்கல. இன்னிக்கு நைட்டு பாப்பாவோட தூங்கலாம்."

சொல்லிவிட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வெளியே போனாள். கணவனிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டதை மௌரீன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

வராந்தா பாதி காலியாகியிருந்தது. காலையில் மெம்பர் சார் என்று கூப்பிட்டவர்களில் ஒருவரும் ரெமிஜியஸுக்குப் பக்கத்தில் இல்லை. அவர் புங்க மரத்தடியில் ஸ்கூட்டர் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவள் வருவதைப் பார்த்ததும் எழுந்து ஸ்டாண்டை எடுத்தார்.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு. பதின்மூணு."

"சாப்பிட்டியா?"

"காபி குடிச்சேன்."

வரும் வழியில் பேக்கரி முன்னால் நிறுத்தி சோஃபியாவுக்குத் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் பன் வாங்கினார். கடைக்காரர் எப்போதும் போல, மெம்பர் சார் என்ன வேணும் என்று கேட்டார். ரெமிஜியஸ் ஒரு நொடி தயங்கினார். ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கிற மௌரீனைக் காட்டி, மெம்பர் அதோ நிற்கிறார், நான் அவங்க வீட்டுக்காரர் என்றார். கடைக்காரர் சிரித்தார். ரெமிஜியஸும் சிரித்தார். ஆனால் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அந்தச் சிரிப்பு இல்லை என்பதைப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கண்ணாடியில் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அவர் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். மௌரீன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "இருந்துட்டுப் போகட்டும், போயிடும்" என்றார்.

சோஃபியா கதவோரம் வந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய் டீ வைத்தாள்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வாசலில் மொபெட் சத்தம். முனிசிபாலிட்டி ஆபீஸ் ஊழியர். பழுப்பு நிற உறை ஒன்றும், கையெழுத்து வாங்குகிற நோட்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். வாசலுக்குப் போனது ரெமிஜியஸ். இந்த மூன்று வாரத்தில் மௌரீன் பெயருக்கு வந்த எல்லா உறையையும் அவர்தான் பிரித்தார், அவர்தான் படித்தார், அதில் என்ன இருக்கிறது என்று சாப்பிடும்போது அவளுக்குச் சொன்னார்.

இன்று உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்து வந்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"உனக்கு வந்திருக்கு. வெளிய நோட்டுல கையெழுத்துப் போடணுமாம்."

மௌரீன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, தையல் கத்தரியால் உறையின் ஓரத்தை வெட்டினாள். முதல் சபைக் கூட்டத்துக்கான அழைப்பு. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. கீழே புதுப் பிரசிடென்ட் கௌரம்மாவின் கையெழுத்து, மை கூட முழுதாகக் காயாதது போல. மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்துக் கன்னடம் படிக்கக் கற்றுக்கொண்டவள் மௌரீன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள்.

விஷயம் ஒன்று: சந்தைப் பின்புற நிலத்தில் வணிகக் கடைகள் கட்ட ஏலம் விட ஒப்புதல் அளிப்பது.

மறுபடி படித்தாள். அதேதான். கோப்பைச் சபையில் வைப்பேன் என்று சொன்ன கௌரம்மா சபையில் வைத்துவிட்டார். தடுப்பதற்காக வைத்தாரா, நிறைவேற்றுவதற்காக வைத்தாரா? ஆபீஸில் ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாரா? அந்தப் பதின்மூன்றாவது கை அவளுடையது.

தாளைக் கணவரிடம் நீட்டினாள்.

ரெமிஜியஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரும் என்று மௌரீன் எதிர்பார்த்துக் காத்திருந்தாள். அப்படிச் சொல்ல அவருக்கு இன்று எல்லா உரிமையும் இருந்தது.

அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். தாளை இருவருக்கும் நடுவில் தையல் மேசை மேல் விரித்து வைத்தார்.

"செவ்வாக்கிழம" என்றார். "ஆறு நாளு இருக்கு. சொல்லு மௌரீன், நீ என்ன பேசலாம்னு இருக்க?"